முந்நூறு மீட்டர்

மிக்கேலம்மாள் அடிபம்பில் பிடித்துவந்த குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பின்பக்கம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியநாயகம், காப்பி ஆச்சா என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். பதில் இல்லை. மறுபடியும் போட்டார். காது அடைத்துக்கொண்டதா இவளுக்கு என்று கோபமாக வாசலுக்கு வந்தவர், அவள் தலை கதவுநிலையில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். தோளைத் தொட்டார். உடம்பு அப்படியே அவர் காலின்மேல் சரிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பக்கத்து வீட்டில் யாருக்கோ நடப்பது மாதிரி இருந்தது அவருக்கு. தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள். எதிர்வீட்டு ராயம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரோ கோயிலுக்கு ஓடினார்கள், துக்கமணி அடித்தது. யாரோ ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் செபாஸ்டினுக்குப் போன் போட மொரப்பூருக்கு சைக்கிளை மிதித்தார்கள். பெரியநாயகத்தை ஒரு இரும்பு நாற்காலியில் உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற யோசனைகூட வரவில்லை. வாயோரத்தில் பற்பொடி காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. வாய் கொப்பளிக்க மறந்தது அவருக்கே தெரியாது, சொல்லவும் ஆளில்லை.

பெரியநாயகம் சந்தைமேடு பேரூராட்சியில் கோயில்தெரு வார்டு மெம்பர். சந்தைமேடு கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே அவருக்கு ஒரு உரக்கடையும் கிணற்றோடு கொஞ்சம் நிலமும் உண்டு. போன வருஷம், எண்பத்தாறில், உள்ளாட்சித் தேர்தல் வராமல் வந்தபோது நின்று ஜெயித்தார். அன்றிலிருந்து அவருக்குப் பேர் போய்விட்டது, மெம்பர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். மிக்கேலம்மாளுக்கு மட்டும் அதில் சிரிப்பு. "மெம்பருக்கு இன்னும் ஒரு உருண்டை களி போடட்டுங்களா?" என்று கேட்பாள். "மெம்பரு கைய கழுவிட்டு உக்காருங்க" என்பாள்.

கோயில்தெரு என்றால் மாதா கோயில் இருக்கிற தெரு. தெருவின் கடைசியில் கோயில், கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். அவர்களுடைய மூத்த பையன் சவரி அங்கேதான் இருக்கிறான், ஏழு வயதில் காய்ச்சலில் போனவன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அந்தச் சின்னக் கல்லறைக்கு மிக்கேலம்மாள்தான் சுண்ணாம்பு அடிப்பாள், வேறு யாரையும் தொட விடமாட்டாள். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு நித்தியகல்யாணிச் செடி வைத்து வளர்த்திருந்தாள். இடம் காலியாகக் கிடந்தால் வேறு யாருக்காவது வெட்டிவிடுவார்கள் என்று பயம். "இது எனக்குங்க. நீங்க வேணா சாமியார் பங்களா பக்கமாப் படுத்துக்குங்க, அங்கதான் காத்து வரும்" என்று அவரைக் கிண்டல் செய்வாள். கிண்டலுக்கு நடுவில் ஒரே ஒரு தடவை, "அவன் இருட்டுன்னா பயப்படுவான்ங்க. நான் பக்கத்துல இருந்தாத் தேவலை" என்றாள்.

ஆகையால் குழி எங்கே வெட்டுவது என்று இன்றைக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை. பங்காளிகள் இரண்டு பேர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தாங்களாகவே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள்.

வெயில் ஏறின நேரத்தில் பேரூராட்சி பில் கலெக்டர் மாது வந்தான். சைக்கிளைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"மெம்பரே, தப்பா நெனைக்காதீங்க. செயல் அலுவலர் சொல்லி அனுப்பினாருங்க. கல்லறைத் தோட்டத்துல தோண்டக் கூடாதுங்களாம்."

"யாருடா அவன் தோண்டக் கூடாதுன்னு சொல்றது?" என்று யாரோ கேட்டார்கள்.

"சட்டம் இருக்குதுங்களே. தெருவுல பம்பு போட்டிருக்குது. முந்நூறு மீட்டருக்குள்ள வருதுங்க."

காலையிலிருந்து பெரியநாயகத்தின் காதில் எதுவும் முழுசாக விழவில்லை. இந்த முந்நூறு மட்டும் விழுந்தது. அது அவருடைய முந்நூறு.

அந்த முந்நூறு பிறந்த பேரூராட்சிக் கூட்டம் மாசி மாதத்தில் நடந்தது. மழை பொய்த்து ஏரி வெடித்துக் கிடந்தது. ஊர் மொத்தமும் ஏரிக்கரைக் கிணறு ஒன்றையே நம்பியிருந்தது. கோயில்தெருப் பெண்கள் அத்தனை தூரம் நடந்து குடம் சுமந்தார்கள். மிக்கேலம்மாளுக்கு அப்போதே நெஞ்சு அடைக்கும், பாதிவழியில் புளியமரத்தடியில் குடத்தை வைத்துவிட்டு மூச்சு வாங்குவாள். அதனால் தெருவுக்கு ஒரு போர் போட்டு அடிபம்பு வைக்க வேண்டும் என்று பெரியநாயகம் மனு மேல் மனுவாகக் கொடுத்து, கடைசியில் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அன்றைக்கு அது இரண்டாவது பொருள். முதல் பொருள் இடுகாடு.

ஏரிக்கரைக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் காலனிக்காரர்களின் இடுகாடு. அந்தத் தண்ணீரையா நாம் குடிக்கிறோம் என்று கடைவீதியில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. வேறு கிணறு வெட்டலாம், அதற்குச் செலவு ஆகும். இடுகாட்டை மூடுவதற்குச் செலவு கிடையாது. செயல் அலுவலர் தீர்மானத்தை எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். குடிநீர் ஆதாரத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கும் இடுகாடுகள் யாவும் மூடப்படும். அங்கே அடக்கம் செய்துவந்தவர்கள் யாரானாலும் இனிமேல் கல்லாங்காட்டுப் புறம்போக்கில் மட்டும்தான் அடக்கம் செய்ய வேண்டும். காலனி என்ற பேச்சே அதில் இல்லை. சட்டம் என்றால் பொதுவாகத்தான் எழுத வேண்டும் என்றார் அவர். பொதுவாக எழுதினால் யாரையும் குறை சொன்னதாக ஆகாது. யாருக்காக எழுதியது என்பதும் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு வசதி பாருங்கள்!

ஆளுக்கொரு கேள்வி கேட்டு நேரத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியநாயகத்துக்குத் தன் பம்பு எப்போது வரும் என்று இருந்தது. முதல் பொருளைச் சீக்கிரம் முடித்துவைக்க வேண்டும், முடித்துவைத்தவர் என்று நாலு பேர் சொல்லவும் வேண்டும். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தண்ணி வெவகாரம், வெளையாட்டு இல்ல. போடறதுதான் போடறோம், இருநூறு என்ன, முந்நூறாப் போடுங்க."

"மெம்பரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் பேரூராட்சித் தலைவர் பச்சியப்பன். இருநூறு அடிபட்டு முந்நூறு ஆனது. முன்மொழிந்தவர் பச்சியப்பன், வழிமொழிந்தவர் பெரியநாயகம். டீயும் மிக்சரும் வந்திருந்த நேரம். இடது கையில் மிக்சர் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வலது கையைத் தூக்கினார். எல்லாரும் தூக்கினார்கள். அடுத்த பொருள் பம்பு. அதற்கும் தூக்கினார்கள்.

கல்லாங்காட்டைப் பார்வையிடத் தலைவரும் அவரும்தான் ஜீப்பில் போனார்கள். நல்ல வெயில், யாரும் இறங்கவில்லை. ஜீப்பிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, "தாராளமா இருக்குது" என்றார் பெரியநாயகம். அது பொய்யில்லை. இடம் தாராளமாகத்தான் இருந்தது. மண்தான் இல்லை.

பங்குனியில் பம்பு வந்தது. தெரு ஆரம்பத்தில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் போர் போட்டார்கள். பம்புக்கு மாலை போட்டு, பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லி மந்திரித்து, முதல் அடி அடிக்க மிக்கேலம்மாளை விட்டார்கள். கைப்பிடியை நாலு தடவை அழுத்தினாள், தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. "மெம்பருக்கு ஓட்டுப் போட்டது வீணாப் போவல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை வாய்விட்டுப் பாராட்டியது அன்றைக்குத்தான். அவருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. பம்பிலிருந்து கல்லறைத் தோட்டம் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்க அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

சித்திரையில் காலனி மாயவனுடைய ஆத்தாள் குள்ளம்மாள் செத்துப்போனாள். மாயவன் பெரியநாயகத்தின் நிலத்தில் பல வருஷமாக வேலை செய்கிறவன். காலனிக்காரர்கள் வழக்கம்போல ஏரிக்கரைக்குப் பாடையைக் கொண்டுவந்தார்கள். செயல் அலுவலர் ஓடினார், பின்னாலேயே போலீஸ் ஜீப் வந்தது. உச்சி வெயிலில் பாடை தரையில் கிடந்தது. பெரியநாயகமும் போய் நின்றார். மாயவன் அவரிடம்தான் வந்தான்.

"ஐயா, எங்கப்பன் இங்கதாங்க கெடக்கறான். ஆத்தாளையும் அவன் பக்கத்துல வெச்சிடறோம். இதோட கடேசிங்க. இனிமே யாரையும் கொண்டாரலீங்க."

போலீஸ்காரர் அவரைப் பார்த்தார். செயல் அலுவலர் அவரைப் பார்த்தார். ஊரே அவரைப் பார்த்தது. மெம்பர் பேச வேண்டிய இடம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மாயவா. ஆளுக்கு ஆள் மாத்த முடியாது. நாளைக்கு எங்கூட்டுல ஒரு சாவு வுழுந்தாலும் இதே கல்லாங்காட்டுக்குத்தான் வரும். நான் சொல்றேன், எழுதி வெச்சிக்கோ."

மாயவன் "சரிங்க" என்றான். பாடையைத் தூக்கித் திருப்பிக்கொண்டு போனார்கள். சண்டை சச்சரவில்லாமல் முடித்துவைத்தீர்கள் என்று செயல் அலுவலர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரியநாயகத்துக்கு அன்றைக்குப் பெருமையாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது மிக்கேலம்மாள் கேட்டாள்: "அந்தப் பாறையில குழி எவ்ளோ எறங்குச்சாம்?"

"யாரு கண்டா?" என்றார்.

அவள் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்றைக்கு, மாது வந்து சொன்ன கொஞ்ச நேரத்தில், செயல் அலுவலரும் பச்சியப்பனும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மாலையைப் போட்டார்கள், கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றார்கள். பிறகு செயல் அலுவலர் பச்சியப்பன் காதில் ஏதோ சொன்னார். அந்த மனுஷனையும் குறை சொல்ல முடியாது. ஏரிக்கரைச் சம்பவத்துக்குப் பிறகு தாசில்தார் அவரைக் கூப்பிட்டு, இனி யாருக்காவது சலுகை கொடுத்தால் உன் வேலைக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லியிருந்தார்.

"ஒரு தடவ அளந்து பாத்துடலாங்க. தாண்டிட்டா பிரச்சினையே இல்ல" என்றார்.

மாது டேப்பைக் கொண்டுவந்தான். பம்பில் ஒரு முனையைப் பிடிக்க ஓர் ஆள், மறுமுனையோடு மாது. தெரு நீளத்துக்கும் டேப்பை வைத்து வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மிக்கேலம்மாளைக் கிடத்தியிருந்த பந்தலைத் தாண்டித்தான் டேப் போக வேண்டியிருந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தாமலே காலை மடக்கி வழிவிட்டார்கள். டேப் மிக்கேலம்மாளின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் கிடந்தது, பிறகு மேலே போனது. பெரியநாயகம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது தோன்ற வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. ஒன்றும் தோன்றவில்லை. கடையில் யூரியா மூட்டை இறக்குவதைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

சவரியின் கல்லறை வரைக்கும் இருநூற்று அறுபத்தைந்து மீட்டர். பழைய இருநூறே இருந்திருந்தால் தப்பித்திருக்கும்.

மத்தியானம் செபாஸ்டின் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தான். அம்மாவின் காலடியில் விழுந்து அழுதான். விஷயம் தெரிந்ததும் எழுந்து அப்பாவிடம் வந்தான்.

"அம்மாவக் கொண்டுபோயி கல்லு மேல போடுவீங்களாப்பா? நீங்க போட்ட சட்டந்தான? நீங்களே எடுத்துடுங்க."

செயல் அலுவலர்தான் பதில் சொன்னார். தீர்மானத்தைத் திருத்த வேண்டுமென்றால் கூட்டம் போட வேண்டும், கூட்டத்துக்கு முன்கூட்டி அறிவிப்பு கொடுக்க வேண்டும், அதற்கப்புறம் கலெக்டர் ஆபீஸ் ஒப்புதல் வேண்டும். "அது வரைக்கும்..." என்று ஆரம்பித்தவர் பந்தலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பச்சியப்பன் அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். சும்மா இருப்பாரா?

"சட்டத்துல என்ன எழுதியிருக்குது? குடிநீர் ஆதாரத்துல இருந்து முந்நூறு மீட்டரு. குடிநீர் ஆதாரமே இல்லைன்னா? பம்பு கெட்டுப்போச்சு, தண்ணி வரல, கைவுட்டாச்சுன்னு எழுதிக்குங்க. கைப்பிடியைக் கழட்டிடுவோம். அப்புறம் எங்க இருந்து அளப்பீங்க?"

செயல் அலுவலர் யோசித்தார். அவர் முகம் தெளிந்தது, மறுபடியும் சுருங்கியது.

"செய்யலாங்க. ஆனா இன்னிக்கு ஒரு நாளைக்குக் கழட்டிட்டு நாளைக்கு மாட்டிக்க முடியாது. கெட்டுப்போச்சுன்னு எழுதினா எழுதினதுதான். திரும்ப மாட்டினா அம்மாவோட கல்லறை உள்ள வந்துடும். அப்புறம் யாராவது மனு போட்டா, தோண்டி எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. வார்டு மெம்பர் வாயால சொன்னாருன்னாப் போதும், நான் எழுதிக்கறேன்."

எல்லாரும் பெரியநாயகத்தைப் பார்த்தார்கள். ஏரிக்கரையில் பார்த்த அதே பார்வை. அவருக்குக் கண்முன்னால் நித்தியகல்யாணிச் செடி வந்தது. அவன் இருட்டுன்னா பயப்படுவான்ங்க. கல்லாங்காட்டைப் பற்றி யோசித்துப் பார்த்தார், ஜீப்பிலிருந்து பார்த்த வெயில்தான் நினைவுக்கு வந்தது. இந்தப் பம்புக்காகத்தான் அந்தச் சட்டத்துக்கு அவசரமாகக் கை தூக்கினார். இந்தப் பம்பை அவளுக்காகத்தான் போட்டார். இப்போது அவளைப் புதைக்க அதைச் சாகடிக்கச் சொல்கிறார்கள். இதெல்லாம் மனசுக்குள் வரிசையாக வந்து நின்றது, ஆனால் ஒன்றும் உறைக்கவில்லை.

"ம்" என்றார்.

செபாஸ்டின் கம்பெனியில் லேத் வேலை பார்க்கிறவன். ஸ்பேனர் வாங்கி அவனே கைப்பிடியைக் கழற்றினான். வரிசையில் குடத்தோடு நின்ற பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. சாவு விழுந்த தெருவில் பம்பு சத்தம் கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார்கள். "இருக்கட்டும், பொணத்த எடுத்த பொறவு மாட்டிக்குவாங்க" என்று ராயம்மாள் மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பினாள். மாட்டமாட்டார்கள் என்பது பெரியநாயகத்துக்குத் தெரியும். சொல்லவில்லை. நாளையிலிருந்து ராயம்மாள் ஏரிக்கரைக்கு நடப்பாள். அவளுக்கு முட்டி வலி உண்டு.

காலையிலிருந்து கிறீச் கிறீச் என்று கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் நின்றது. நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தது என்பதே அவருக்குத் தெரிந்தது.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல செம்மண். செடியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு, பங்காளிகள் பேசிச் சிரித்துக்கொண்டே குழியை வெட்டி முடித்துவிட்டு வந்தார்கள். சாமியார் வந்தார். பெட்டி வந்தது. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் மாயவன் வந்தான்.

தலையெல்லாம், புருவமெல்லாம் வெள்ளைத் தூள். கையில் கடப்பாரை. உள்ளங்கையில் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான், துணியில் ரத்தம் ஊறியிருந்தது. கூட வந்த மூன்று பேர் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள். பந்தலுக்கு வெளியே நின்று மிக்கேலம்மாளைப் பார்த்துக் கும்பிட்டான். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு பெரியநாயகத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

"குழி ஆயிடுச்சுங்கய்யா. நேரம் ஆவறதுக்குள்ள சொல்லிப்புடலாம்னு வந்தேன்."

"தெரியும். பங்காளிங்க சொன்னாங்க."

"அவங்க யாரும் வரலீங்களே. நாங்க நாலு பேருதான்."

பெரியநாயகத்துக்கு விளங்கவில்லை. "எங்க?" என்றார்.

"கல்லாங்காட்டுலதாங்க. காலையில துக்கமணி அடிச்சப்பவே போயிட்டோம். நீங்கதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே, எங்கூட்டுச் சாவும் இங்கதான் வரும்னு. யாராவது வந்து சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தா பொழுது போயிடும். அங்க லேசுல எறங்காதுங்க. எங்க ஆத்தாளுக்குத் தோண்டறப்ப முழங்கால் ஆழத்தோட பாறை வந்துட்டுது, அவ்ளோதான் முடிஞ்சுது. இன்னிக்கு மாத்தி மாத்தி இடிச்சோம். இடுப்பளவு எறங்கிட்டுதுங்க. எத்தன நாளு எங்களுக்குச் சோறு போட்ட கை. அம்மாவையும் நாய் வந்து..."

நிறுத்திக்கொண்டான்.

"நாய் தோண்டிச்சா?" என்று கேட்டார் பெரியநாயகம்.

"முள்ளு வெட்டிப் போட்டிருக்கறோங்க. மழை பெஞ்சா அதுவும் நிக்கறதில்ல."

காலையிலிருந்து மரத்துக் கிடந்த மனசில் ஏதோ ஒன்று முதல்முதலாக அசைந்தது. துக்கம் என்றுதான் நினைத்தார். துக்கமில்லை, வெட்கம். பெண்டாட்டி செத்த அன்றைக்கு முதலில் வந்தது வெட்கமாக இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. இந்த ஊரில் அவருடைய பேச்சை நிஜம் என்று நம்பிய ஒரே ஆள் எதிரில் குந்தியிருந்தான். அவரே அதை நம்பியதில்லை. இவன் பாறையை இடித்திருக்கிறான்.

"மாயவா, இங்கயே வெக்கறோம். சவரி பக்கத்துல."

மாயவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பம்பு ரிப்பேரு. அதனால சட்டம் இங்க வராதுன்னு சொல்லிட்டாங்க."

மாயவன் திரும்பித் தெரு ஆரம்பத்தைப் பார்த்தான். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் பம்பு கையில்லாமல் நின்றது.

"காலையில நாங்க இந்த வழியாப் போறப்ப ஓடிச்சுங்களே" என்றான். கேட்கவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொன்னான். பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அந்த வெள்ளைத் தூளுக்கு அடியில் மாறியிருந்தாலும் தெரிந்திருக்காது.

"சரிங்க" என்றான். ஏரிக்கரையில் சொன்ன அதே சரிங்க.

எழுந்து போனான். நாலடி போனவன் நின்று, தயங்கி, திரும்பி வந்தான்.

"ஐயா, அப்ப அந்தக் குழிங்க?"

"மூடிடு."

"வெறுங்குழிய மூடக் கூடாதுங்க. இன்னொரு உசுரக் கேக்கும்." கடப்பாரையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "நல்லா எறங்கியிருக்குதுங்க. வீணாப் போவக் கூடாது. எங்க ஆத்தாளத் தோண்டியெடுத்து அதுல வெச்சுக்கட்டுங்களா? பக்கத்துலதான். அதுக்குச் சட்டத்துல எடம் இருக்குதுங்களா? கேக்காம செஞ்சா மறுபடியும் ஜீப்பு வந்துடும். நீங்க மெம்பரு. நீங்க சரின்னாச் சரிங்க."

இடமில்லை. புதைத்த பிணத்தைத் தோண்டுவதென்றால் மேலே எழுதிக் கேட்க வேண்டும், அதற்கு உத்தரவு வர வேண்டும், வராது. இதெல்லாம் பெரியநாயகத்துக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். நாக்கில் பற்பொடி காய்ந்து கரித்தது. சரி என்று சொல்லப் பார்த்தார். அதற்கும் குரல் எழும்பவில்லை. பந்தலில் பெட்டியை மூடப்போகிறார்கள் என்று பெண்களின் அழுகை கூடியது. தலைவர் பச்சியப்பன் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பெரியநாயகத்தின் வலது கை நாற்காலியிலிருந்து எழும்பியது. தோளுக்கு மேலே, கூட்டத்தில் எவ்வளவு உயரம் தூக்குவாரோ அவ்வளவு உயரத்துக்குப் போய் நின்றது.

மாயவன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டான். கும்பிட்டான். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் நின்றவர்களைக் கூட்டிக்கொண்டு கல்லாங்காட்டுப் பக்கம் போனான். அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பெரியநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறமும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயில் மணி மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. செபாஸ்டின் வந்து அவர் கையைப் பிடித்தான்.

"அப்பா, கைய எறக்குங்க. பொட்டியத் தூக்கறாங்க."